ஏழு ஊர்ச் சமையலும் இரண்டு வகைக் கபடியும்: நடுநிலை வகுப்புக் கலைவிழாவுக்குச் சில யோசனைகள்

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பே கடைத்தெருவில் சார்ட் பேப்பர் தீர்ந்துபோனால் அடுத்த கப்பல் வரும்வரை சார்ட் பேப்பர் கிடையாது. கடல் கொந்தளித்தால் அந்தக் கப்பலும் தள்ளிப்போகும். அந்தமான் நிக்கோபார் தலைநகரான ஸ்ரீ விஜயபுரம், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஊர், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கிரேட் நிக்கோபாரில் கலைவிழா நடத்த முனையும் ஆசிரியர், பெருநகரப் பள்ளி விழாவை மனத்தில் வைத்துத் திட்டம் போட்டால் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வார். தெர்மாகோல் வளைவு, வாடகை உடை, வெளியூர் நடன மாஸ்டர் என்று எல்லாமே கடல் தாண்டி வரவேண்டியவை.

தீவில் கிடைப்பவை வேறு. தென்னை ஓலை, பாக்கு மட்டை, தாழை ஓலை, கரையில் ஒதுங்கும் கட்டை ஆகியவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அவற்றைவிடப் பெரிய கையிருப்பு அங்குள்ள மனிதர்கள். 1969 தொடங்கி 1980 வரை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறத்தாழ 330 இந்தத் தீவில் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலத்தார். கேம்பல் பே, கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என ஏழு கிராமங்கள் எழுந்தன. காடு வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்த அந்த ‘செட்லர்’களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களோடு பழங்குடியினரான நிக்கோபாரியரின் பிள்ளைகள். 2012இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். பாஸ் கடற்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருவோர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

இப்படி ஒரு வகுப்பறை வாய்த்த பள்ளியில் மூன்று மணி நேரம் சினிமாப் பாட்டுக்கு ஆடவிட்டு அனுப்புவது வீண். பாட்டுக்கு ஆட்டமே கூடாது என்று தடை போட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஆசை, பெற்றோருக்குப் பெருமை. வகுப்புக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளலாம். மேடை நேரத்தைப் பாதியாகக் குறைத்து, பிள்ளைகள் தாமே கேட்டறிந்து, அளந்து, செய்து காட்டும் அரங்குகளுக்கு மீதி நேரத்தைத் தர வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் கட்சி.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஜப்பானில் நடுநிலைப் பள்ளிகள் ‘புன்காசாய்’ என்ற பண்பாட்டு விழாவை ஆண்டுதோறும் நடத்துகின்றன. 1948 முதல் நவம்பர் 3 அங்கே பண்பாட்டு நாள் என்பதால் பல பள்ளிகளின் விழா அந்தப் பருவத்தை ஒட்டியே வரும். ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொருளைத் தேர்ந்து அறையையே கண்காட்சியாக மாற்றும். வகுப்புகளுக்குள் சேர்ந்திசைப் போட்டி நடக்கும். திட்டமிடுவதில் பெரும்பகுதி மாணவர் குழுவின் கையில் இருக்கும். நம் பக்கத்தில் 1957இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவம் வேறு ரகம். அளவிலும் தரத்திலும் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் பரிசு, மேல்முறையீடு, உடைச் செலவு என்று பெற்றோர்களின் போட்டியாகவும் அது மாறியது. கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களையே பின்னாளில் நிறுத்த வேண்டி வந்தது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா, தொடக்கத்தில் ஆறாம் வகுப்பு முதலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மேடையேற்றியது. பிள்ளைத் தொகை குறைவாக உள்ள தீவுப் பள்ளிக்கு ஜப்பானிய வழிதான் ஒத்துவரும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் தோற்றவரின் வருத்தம் அடுத்த விழாவரை ஆறாது.

தேதியும் நேரமும்

தீவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கும். ஓரளவு வறண்டிருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. எனவே ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரி முதல் வாரம் சரிப்படும். அப்போதும் மைதான நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் கூரைக்குக் கீழே ஒரு மாற்று இடம் குறித்துவைக்க வேண்டும்.

பாட நேரம் போய்விடுமே என்ற தலைமையாசிரியரின் கவலைக்குப் பதில் அரசின் கொள்கையிலேயே இருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றிப் பிள்ளைகள் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் வேலை பழக வேண்டும் என்கிறது. விழாவுக்கான தயாரிப்பை அந்தப் பத்து நாட்களுக்குள் வைத்துவிட்டால் இரண்டு காரியமும் ஆகும். ஹோடிப் படகு கட்டத் தெரிந்தவர், ஓலை முடைபவர், கொப்பரை உலர்த்துபவர், இயந்திரப் படகு ஓட்டுபவர் ஆகியோரைவிட நல்ல ஆசிரியர்கள் அந்த நாட்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

ட்ரங்குப் பெட்டி அரங்கு

எட்டாம் வகுப்புக்கு ஏற்றது. படைவீரர் வீடு என்றால் பெரும்பாலும் ஒரு இரும்பு ட்ரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் இருப்பவற்றையும் அவற்றின் கதைகளையும் விழாவுக்குக் கொண்டுவருவதே வேலை. பதக்கம், பழைய படம், நில ஒதுக்கீட்டுக் காகிதம், முதல் அறுவடைக்குப் பயன்பட்ட அரிவாள், பாட்டியின் அம்மி எதுவானாலும் சரி. அசல் காகிதங்களைக் கேட்கக் கூடாது. செல்பேசியில் படமெடுத்து நகலைத்தான் சுவரில் ஒட்ட வேண்டும்.

பேட்டிக்குப் போகும் பிள்ளை, “உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்” என்று கேட்டால் தாத்தா இரண்டு வரியில் முடித்துவிடுவார். கேள்வி சின்னதாக, பிடிப்பாக இருக்க வேண்டும். “தாத்தா, கப்பலை விட்டு இறங்கின அன்னைக்கு ராத்திரி எங்க படுத்தீங்க?” “பாட்டி, இங்க வந்து முதல்ல என்ன காய் போட்டீங்க? காய்ச்சுதா?” “மழை விடாம பெய்யறப்ப விறகு எப்படிக் காஞ்சுது?” இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். ஒரு பிள்ளை கேட்கட்டும், இன்னொரு பிள்ளை எழுதட்டும், மூன்றாவது பிள்ளை ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளட்டும். மூவரும் வெவ்வேறு மொழி வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. மராத்திப் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் தமிழ்த் தாத்தா விளக்கித்தானே ஆகவேண்டும்!

சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே அட்டையில் எழுத வேண்டும். கீழே இந்தியில் சுருக்கம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். தாத்தா சொல்லச் சொல்லப் பெயரையும் ஊரையும் மட்டுமாவது தமிழில் எழுதக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வேளை வராது.

ஒரு தேங்காய், பல அடுக்களை

சாப்பாட்டு அரங்கு இல்லாத விழாவுக்குக் கூட்டம் சேராது. அதே சமயம் பதினொரு வயதுப் பிள்ளையை எண்ணெய்ச் சட்டியின் முன் நிறுத்தவும் முடியாது. ஜப்பானியப் பள்ளிகள் பலவும் சமைத்த உணவைப் பொறுத்தவரை கண்டிப்பானவை. அந்தக் கண்டிப்பு இங்கும் வேண்டும். சமையல் பெரியவர்களுடையது. பரிமாறுவதும், கதை சொல்வதும், கணக்கு எழுதுவதும் பிள்ளைகளுடையவை.

அரங்குக்கு ஒரு நிபந்தனை வைக்கலாம்: எல்லாப் பண்டத்திலும் தேங்காய் இருக்க வேண்டும். தமிழ் வீட்டிலிருந்து துவையல், மலையாள வீட்டிலிருந்து புட்டு, மராத்தி வீட்டிலிருந்து கரஞ்சி, ஆந்திர வீட்டிலிருந்து கொப்பரிப் பச்சடி. கோதுமையும் கடுகெண்ணெயுமாக வாழ்ந்த பஞ்சாபிப் பாட்டி தென்னந்தோப்புக்கு நடுவில் வந்து அடுக்களையை எப்படி மாற்றிக்கொண்டார் என்று கேட்டுவந்தால் அந்த அட்டையின் முன்தான் கூட்டம் நிற்கும். நிக்கோபாரியர் தாழம்பழத்தை வேகவைத்து, நார் நீக்கிப் பிசைந்து உணவாக்குவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே வந்து செய்து காட்ட இசைந்தால் சிறப்பு.

பண்டம் அன்று காலையில் செய்ததாக இருக்க வேண்டும். தேங்காய் சேர்த்தது வெயிலில் சீக்கிரம் கெடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவே போதும். தட்டுக்குப் பாக்கு மட்டை, கிண்ணத்துக்குக் கொட்டாங்குச்சி.

ஒரே ஆட்டம், இரண்டு சட்டம்

விளையாட்டில் இந்தத் தீவுக்கு வாய்த்தது இந்தியாவில் வேறு எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காது. தமிழ்நாட்டாரும் மராத்தியரும் அறிந்த கபடி, செவ்வக ஆடுகளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடுவது. இளையோருக்கான களம் 11 மீட்டருக்கு 8 மீட்டர். பாடி வருபவரை எத்தனை பேர் சேர்ந்தும் அமுக்கலாம். தொடப்பட்டவர் களத்தை விட்டு வெளியேற வேண்டும். பஞ்சாபியர் ஆடும் வட்டக் கபடி அப்படியில்லை. களம் வட்டம். பாடி வருபவரை ஒருவர் மட்டுமே மறிக்கலாம், மல்யுத்தம் போல ஒற்றைக்கு ஒற்றை. தோற்றவர் வெளியேறுவதில்லை, புள்ளி மட்டும் மாறும்.

இரண்டு களங்களையும் ஒரே மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டு, ஒரே பிள்ளைகளை முதலில் செவ்வகத்திலும் பிறகு வட்டத்திலும் ஆடவிட வேண்டும். ஏழாம் வகுப்பு இரண்டு சட்டங்களையும் பெரிய அட்டையில் எழுதி வைத்து, வருகிற பெற்றோருக்கு விளக்கும். எந்தச் சட்டம் நல்லது என்ற வாக்குவாதம் பெரியவர்களுக்குள் நிச்சயம் மூளும். அதுவும் விழாவின் ஒரு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டக் கபடியில் அறைவதும் தள்ளுவதும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எடைக்கு எடை பார்த்து ஜோடி சேர்ப்பதும், மணல் பரப்பிய தரையும் கட்டாயம். கபடிக்கு வராத பிள்ளைகளுக்குக் கோகோ, பாண்டி, பல்லாங்குழி.

நிக்கோபாரியரை அழைப்பது எப்படி

பல விழாக்களில் ‘பழங்குடி நடனம்’ என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கரி பூசி, இலை கட்டி ஆடவிடுவது உண்டு. கேம்பல் பேயில் அது ஒருபோதும் கூடாது. நிக்கோபாரியர் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் தங்கள் கடற்கரை ஊர்களை இழந்து, கேம்பல் பே அருகே ராஜீவ் நகரில் வந்து தங்கியவர்களும் அவர்களில் உண்டு. தோளோடு தோள் கைகோத்து வளைந்து நகரும் அவர்களுடைய குழு நடனத்தை அவர்களே கற்றுத் தரச் சம்மதித்தால், மற்ற பிள்ளைகள் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். கேட்க வேண்டிய முறையும் உண்டு: நிக்கோபாரிய ஊருக்குத் தலைவராக இருப்பவரைக் ‘கேப்டன்’ என்பார்கள், ஆசிரியர் நேரில் போய் அவரிடம் கேட்பதே மரியாதை. பக்கவாட்டு மிதவை பொருத்திய ஹோடியின் சிறு மாதிரியைச் செய்து, அது ஏன் கவிழ்வதில்லை என்று விளக்கும் அரங்கு அறிவியலுக்கும் ஆகும்.

தீவின் மற்றொரு பழங்குடியினரான ஷோம்பென் மக்கள் விஷயம் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 229 பேர். காட்டுக்குள் ஒதுங்கி வாழ விரும்பும் மக்கள். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அவர்கள் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதையும் படமெடுப்பதையும் குற்றமாக்குகிறது. விழாவில் அவர்களைப் போல வேடமிடுவதோ, இணையத்திலிருந்து படம் இறக்கி ஒட்டுவதோ வேண்டாம். தீவின் வரைபடத்தில் அவர்கள் காட்டையும் ஆறுகளையும் வரைந்து, அங்கே ஏன் போகக் கூடாது என்று எழுதினால் போதும்.

சாக்பீஸ் ஆமை

ஆறாம் வகுப்புக்கு அதிகச் செலவில்லாத, அதிகக் கூட்டம் இழுக்கும் ஒன்று: பள்ளி முற்றத்தில் பேராமையை உண்மையான அளவில் வரைவது. ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்த முதுகு, அதில் நீளவாக்கில் ஏழு வரிகள், ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை நீளும் உடல். அதற்குள் எத்தனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படுக்க முடியும் என்று பார்க்கலாம். கலத்தியா விரிகுடா இந்த ஆமைகள் முட்டையிடும் முக்கியக் கரை. லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பேராமை 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரைவரை போனது. அந்தப் பாதையை உலக வரைபடத்தில் கயிறு ஒட்டிக் காட்டலாம். பக்கத்திலேயே மணலும் சருகும் குவித்து நிக்கோபார் மெகாபோடு பறவையின் மேடு. இந்தப் பறவை முட்டையை அடைகாப்பதில்லை. மக்கும் சருகின் சூடே குஞ்சு பொரிக்க வைக்கிறது.

கலத்தியாவில் சரக்குத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதைப் பற்றி வீட்டில் பேசாத பிள்ளை இருக்காது. விவாத மேடை வைக்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதே. ஆனால் திட்டத்தின் வரைபடத்தையும் ஆமைக் கரையின் வரைபடத்தையும் அருகருகே மாட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

அலங்காரத்துக்குப் பவளமோ சங்கோ கடற்கரையிலிருந்து பொறுக்கி வரக் கூடாது. பவளங்களும் பல சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. களிமண்ணில் செய்த பவளமே போதும்.

சுனாமி: சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

இன்றைய நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் பெற்றோரில் பலர் அன்று காலை ஓடியவர்கள். தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்து, 1972இல் கட்டிய கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. 4.25 மீட்டர் கயிறு ஒன்றை வெட்டிப் பள்ளிக் கட்டடத்தின் மேலிருந்து தொங்கவிட்டால், அந்த எண்ணைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

நாடகத்துக்குக் கதை தேடினால் அண்டை நாட்டிலேயே இருக்கிறது. சுமத்ராவை ஒட்டிய சிமியுலுவே தீவில் 1907இல் வந்த பேரலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தாம். இன்னொரு கதை இதே வயதுப் பிள்ளைகளுடையது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கமாயிஷி நகரில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் முதலில் ஓட, அருகிலிருந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். சேர்ந்த இடத்தின் உயரம் போதாது என்று கண்டு, சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேட்டுக்கு ஏறினார்கள். ஏறத்தாழ 570 பேர் பிழைத்தார்கள். ஐ.நா. நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்ததற்கும் ஒரு ஜப்பானியக் கதை உண்டு: 1854இல் ஒருவர் தன் நெற்போரைக் கொளுத்தி ஊராரை மேட்டுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போனது.

உள்ளூர்ச் சாவுகளை மேடையில் நடித்துக் காட்டக் கூடாது. அலையின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போடுவதும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அன்று யாரையாவது இழந்தவராக இருக்கலாம். நாடகம் பற்றி அழைப்பிதழிலேயே எழுதிவிட வேண்டும். நாடகம் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வரைபடத்தைத் திறந்துவைக்கலாம்: பள்ளி, ஜெட்டி, கடைத்தெரு ஒவ்வொன்றிலிருந்தும் அருகிலுள்ள மேட்டுக்கு நடந்தால் எத்தனை நிமிடம், சின்னத் தங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எத்தனை நிமிடம் என்று அவர்களே நடந்து பார்த்து எழுதியது.

மின்சாரம், இணையம், பிறகு

மின்சாரம் போனால் விழா நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மேடை நிகழ்ச்சியையும் ஒருமுறை மைக் இல்லாமல், பாட்டுப் பதிவு இல்லாமல் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். பறையோ தோலக்கோ வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் அந்தக் கவலை பாதி தீர்ந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி கிரேட் நிக்கோபார் வரை வந்துவிட்டதால், இணையம் பழைய நிலையில் இல்லை. தமிழ்நாட்டுக் கடலோரப் பள்ளி ஒன்றோடு அரை மணி நேரக் காணொளி உரையாடல் வைக்கலாம். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இதே சுனாமியின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விழா முடிந்த மறுநாள் அட்டைகளைக் குப்பையில் போடுவதுதான் பள்ளி வழக்கம். ஈரக் காற்றில் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பதால் எல்லா அட்டைகளையும் முதலில் படமெடுத்து வைக்க வேண்டும். பேட்டிகளை எழுதித் தைத்து ஒரு பிரதி பள்ளி நூலகத்துக்கும் ஒரு பிரதி பேட்டி தந்த வீட்டுக்கும் போகட்டும். 1969இல் முப்பது வயதில் கேம்பல் பே கரையில் இறங்கியவருக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டியிருக்கும். விழாத் தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை, பேட்டிகளை மட்டும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.